உயிரணுப் பாடமும் நமது வயல்வெளியும்

முல்லைப் பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் வரத் தொடங்கியது முதல், கம்பம் பள்ளத்தாக்கு நெல்லும் வாழையும் திராட்சையும் தென்னையும் செழிக்கும் பூமியாக விளங்கி வருகின்றது. நிலத்தின் செழிப்பைப் போன்றே பிள்ளைகளின் கல்வியும் செழித்தல் வேண்டும் என்பது நம் பெற்றோர் யாவருடைய விருப்பமுமாகும். அவ்விருப்பம் நிறைவேறுவதற்குத் துணையாகும் ஒரு பாடத்தைக் குறித்து இங்கே எழுதலாயிற்று.

பல் மருத்துவப் பட்டப்படிப்பு, ஓராண்டுப் பயிற்சி உட்பட ஐந்தாண்டுக் காலப் படிப்பாகும். இதிற் சேர்வதற்கு ‘நீட்’ என்னும் நுழைவுத் தேர்வு எழுதவேண்டியுள்ளது. இத்தேர்வினின்றும் விலக்குக் கோரி 2021ஆம் ஆண்டில் நமது சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியதை நாம் அறிவோம். அது ஒருபுறமிருக்க, தேர்வெழுத வேண்டிய மாணவன் அதற்கு ஆயத்தமாகவே வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் பயின்று இத்தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு, மருத்துவ இடங்களிலும் பல் மருத்துவ இடங்களிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு செய்யும் சட்டம் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஆகவே, நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழி உண்டு. அவ்வழியில் நடப்பதற்கு வேண்டிய அறிவை அவர்கள் தேடிக்கொள்ளல் வேண்டும்.

2025ஆம் ஆண்டுத் தேர்வில் கேட்கப்பட்ட 180 வினாக்களுள் 90 வினாக்கள் உயிரியலைச் சார்ந்தவை. சரியான விடை ஒன்றுக்கு 4 மதிப்பெண். தவறான விடை ஒன்றுக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். வினாத்தாள் தமிழிலும் அளிக்கப்படுகின்றது. உயிரியலுக்கு அடிப்படையாய் அமைவது ‘செல்’ எனப்படும் உயிரணுவைப் பற்றிய பாடம்.

“இது பிள்ளைகளின் பாடம்; எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?” என்று உழவர்கள் வினவலாம். இப்பாடத்திற்குரிய உதாரணங்கள் அனைத்தும் உழவரின் வயலிலேயே இருக்கின்றன என்பதே அதற்கு விடை. மனப்பாடம் செய்த பாடம் தேர்வு மண்டபத்தில் மறந்துபோகக்கூடும். கண்ணாற் கண்டு காரணம் தெரிந்துகொண்ட பாடம் எளிதில் மறவாது.

செல் கண்டறியப்பட்ட வரலாறு

1665ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர், தக்கைத் துண்டு ஒன்றை நுண்ணோக்கியின் வழியே நோக்கித் தேன்கூட்டின் அறைகளைப் போன்ற சிறு அறைகளைக் கண்டார். அவற்றிற்குச் ‘செல்’ என்று பெயரிட்டார். ஹாலந்து நாட்டில் துணி வியாபாரம் செய்துவந்த லீவன்ஹூக் என்பவர், தாமே வில்லைகளைத் தேய்த்து நுண்ணோக்கிகள் செய்துகொண்டார். 1683ஆம் ஆண்டில் அவர் தமது பல்லிடுக்கில் படிந்திருந்த அழுக்கைச் சுரண்டிப் பார்த்தபோது, அதில் நுண்ணுயிர்கள் அசைந்து திரிவதைக் கண்டு எழுதினார். பல்கலைக்கழகத்தில் கால் வைக்காத ஒருவர் கண்ட உண்மை இது. பின்னர் 1838, 1839ஆம் ஆண்டுகளில் ஷ்லைடனும் ஷ்வானும், தாவரங்களும் விலங்குகளும் செல்களால் ஆனவை என்று நிலைநாட்டினர். முன்னிருந்த செல்லிலிருந்தே புதிய செல் தோன்றும் என்பதை 1855ஆம் ஆண்டில் விர்ச்சோ வலியுறுத்தினார். இவையே செல் கோட்பாட்டின் அடிப்படைகள்.

மதகும் செல் சவ்வும்

வெங்காயத்தின் உட்புறமுள்ள மெல்லிய தோலை உரித்துச் சாயமிட்டு நுண்ணோக்கியில் வைத்தால், செங்கல் அடுக்கியது போன்ற செல்களும், ஒவ்வொன்றினுள்ளும் உருண்டையான உட்கருவும் தோன்றும். செல்லைச் சூழ்ந்திருப்பது செல் சவ்வு. தாவரங்களில் அதற்கும் வெளியே செல்லுலோசால் ஆன உறுதியான செல் சுவர் உண்டு. விலங்குகளுக்கும் மனிதருக்கும் அச்சுவர் இல்லை. தேர்வில் அடிக்கடி வினவப்படும் வேறுபாடு இது.

கண்மாய் மதகு வேண்டிய அளவு நீரை மட்டும் விடுவது போல, செல் சவ்வு சில பொருள்களை எளிதில் விட்டுச் சிலவற்றைத் தடுக்கும். கரைபொருள் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் இச்சவ்வின் வழியே செல்வதைச் சவ்வூடு பரவல் என்பர். அறுவடைக்கு நிற்கும் திராட்சையில் மழை பெய்தால் பழம் வெடிப்பதை நம் விவசாயிகள் அறிவர். சர்க்கரை நிறைந்த பழத்தின் செல்கள் நீரை ஈர்த்துப் பருத்துத் தோலைப் பிளப்பதே காரணம். இரசாயன உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்டால் பயிர் வாடிக் கருகுவதற்கும் காரணம் இதுவே. மண்ணிலுள்ள நீரில் உப்பு மிகுந்துவிட, வேர்ச் செல்களால் நீரை ஈர்க்க இயலாமற் போகின்றது. இங்ஙனம் செல் நீரை இழந்து உட்பொருள் சுருங்குவதைப் பாடநூல் பிளாஸ்மா சிதைவு என்று கூறும்.

செல்லின் உள்ளே நடைபெறும் வேலைகளை ஒரு கிராமத்தின் நிர்வாகத்தோடு ஒப்பிடலாம். உட்கரு, தீர்மானப் புத்தகம் இருக்கும் அலுவலகம் போன்றது. பரம்பரைக் குறிப்புகள் அங்கேயே உள்ளன. ரைபோசோம்கள் புரதம் செய்யும் பட்டறைகள். கோல்கை உறுப்பு, வாழைத்தாரைச் சிப்பமிட்டு வெளியூருக்கு அனுப்பும் கொட்டகை. லைசோசோம், கழிவைச் சிதைக்கும் எருக்குழி. மைட்டோகாண்ட்ரியா, உணவிலிருந்து ஆற்றலை எடுத்தளிப்பது. பசுங்கணிகம், சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைப்பது. இது தாவரங்களிலும் பாசிகளிலும் உண்டு, மனிதரிடத்தில் இல்லை.

இருவகைச் செல்கள்

பாக்டீரியாக்களின் செல்லில் சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லை. மனிதன், மாடு, நெல், காளான் ஆகியவற்றின் செல்களில் அஃது உண்டு. பாக்டீரியாவின் ரைபோசோம் 70எஸ் வகை. நமது செல்லின் திரவப்பகுதியில் இருப்பது 80எஸ் வகை. இவ்வேறுபாட்டினாலேயே டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் பாக்டீரியாவின் புரத உற்பத்தியைத் தடுத்து நோயைத் தீர்க்க முடிகின்றது. எனினும் அம்மருந்து, வளரும் பல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து நிரந்தரக் கறையை உண்டாக்கும். ஆகையால் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் அதனை மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்ப்பர். கடையில் தாமே மாத்திரை வாங்கிக் கொடுத்தல் கூடாது.

வாழையும் தென்னையும் கற்பிப்பவை

ஒரு செல் இரண்டாகப் பிரிந்து, தாய்ச் செல்லில் இருந்த அளவு குரோமோசோம்களையே சேய்ச் செல்களும் பெறுவது மைட்டாசிஸ். நமது உடல் வளர்வதும் காயம் ஆறுவதும் இதனாலேயே. குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறைவது மியாசிஸ். மனிதரின் 46 குரோமோசோம்கள் விந்தணுவிலும் கருமுட்டையிலும் 23 ஆவது இதனால்.

நாம் பயிரிடும் ஜி-9 வாழையில் குரோமோசோம்கள் மும்மடங்குத் தொகுதியாக, அஃதாவது 33 உள்ளன. மூன்று தொகுதிகளைச் சமபாதியாகப் பிரிக்க இயலாமையால் மியாசிஸ் ஒழுங்காக நிகழ்வதில்லை. வாழைப்பழத்தில் விதை இல்லாமைக்கு அது முக்கியக் காரணம். ஆகவே வாழையைக் கன்றாலோ திசு வளர்ப்பாலோ பெருக்குகின்றோம். ஒரு சிறு திசுவிலிருந்து முழு மரம் எழுவது, தாவரச் செல்லுக்குள்ள முழு ஆக்கத்திறனால். இங்ஙனம் வளர்ந்த மரங்கள் யாவும் மரபில் ஒத்தவையாதலால், ஒரு மரத்தைத் தாக்கும் நோய் தோட்டம் முழுவதையும் தாக்கக்கூடும். நோயற்றவை எனப் பரிசோதித்துச் சான்றளிக்கப்பட்ட நாற்றுகளையே வாங்கவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இளநீரைப் பற்றியும் ஓர் உண்மை உண்டு. இளநீர், செல் சுவரால் பிரிக்கப்படாத ஆயிரக்கணக்கான உட்கருக்களைக் கொண்ட கருவூண் திசு ஆகும். வெண்ணிறத் தேங்காய்ப் பருப்பு, செல்களாகப் பிரிந்த கருவூண் திசு. மேல்நிலை வகுப்புப் பாடத்தில் வருவது இது. இளநீர் வெட்டும்போது பிள்ளையிடம் தந்தை இதனை வினவினால், நான்கு மதிப்பெண்ணுக்குரிய விடை வீட்டிலேயே கிடைத்துவிடும்.

பல்லின் பாடம்

பல்லின் மேற்பூச்சாகிய எனாமல், ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமப்பொருளால் ஆனது. நமது உடலில் மிகக் கடினமானது. அதனைச் செய்யும் அமீலோபிளாஸ்ட் என்னும் செல்கள், பல் முளைக்கும் காலத்தில் அழிந்துவிடுகின்றன. வெட்டுப்பட்ட தோல் மீண்டும் வளர்வது அங்கே செல்கள் பிரிவதால். எனாமலைச் செய்த செல்களோ இல்லை. எனவே குழிந்துபோன எனாமல் மறுபடி வளர்வதில்லை. வாயில் வாழும் பாக்டீரியாக்கள் இனிப்பை அமிலமாக்கி எனாமலைக் கரைப்பதே சொத்தை. தொடக்க நிலையில் உமிழ்நீரும் ஃபுளூரைடும் ஓரளவு ஈடுசெய்யும். குழி விழுந்தபின் பல் மருத்துவரே அடைத்தல் வேண்டும். பல் மருத்துவர் நமக்குத் தேவைப்படுவது ஏன் என்பதைச் செல் பாடமே சொல்லிவிடுகின்றது. பல் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டிலும் மாணவர்கள் பல் திசுக்களைப் பற்றியே விரிவாகப் பயில்கின்றனர்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

முதலாவது, அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006ஆம் ஆண்டு முதல் அமைக்கப்பட்ட ஊராட்சி நூலகங்களைத் திறந்துவைத்து, மேல்நிலை உயிரியல் பாடநூல்களையும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களையும் அங்கே வைக்கலாம். மாலை நேரத்தில் விளக்கு வசதியும் வேண்டும்.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழுவினர் ஆய்வகத்தின் நுண்ணோக்கி பழுதின்றி உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். ஒரு வெங்காயமும் ஒரு துளிச் சாயமும் போதும், செலவு மிகுதியன்று.

மூன்றாவது, 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டிற்குரிய தகுதியைக் கிராம சபையில் எடுத்துரைத்தல் வேண்டும். பள்ளியை இடையில் மாற்றும் பெற்றோர், ஆறாம் வகுப்பு முதலே கணக்கிடப்படும் என்பதை முன்கூட்டி அறிந்திருத்தல் நலம்.

நான்காவது, திராட்சைக் கவாத்து, வாழை அறுவடை முதலிய வேலை மிகுந்த நாட்களில், தேர்வுக்குப் படிக்கும் பெண்பிள்ளைகளை வேலைக்கு அழைக்காமல் விட்டுவைப்பது பெற்றோரின் கடமை. பையனுக்குக் கிடைக்கும் படிப்பு நேரம் பெண்ணுக்கும் கிடைத்தல் வேண்டும்.

விதையைத் தேர்ந்து, நீர் பாய்ச்சிக் களை எடுத்தால் பயிர் தானே வளர்கின்றது. பிள்ளையின் படிப்பும் அத்தகையதே. பாடத்தை ஆசிரியர் நடத்துவார். தேர்வைப் பிள்ளை எழுதும். படிப்பதற்கு இடமும் நேரமும், கேட்பதற்கு ஒரு நல்ல வினாவும் அளிப்பது நம்முடைய பங்காகும்.