காற்றுக்கு முன் தீயைப் பாருங்கள்

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

தொழிற்சாலைத் தீயின் புகை எந்த ஊருக்குப் போகும், யார் மூச்சில் ஏறும் என்று கணக்குப் போடும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் காற்றின் திசையைத் தேடுகிறார்கள். அதற்கு முன் தீயைப் பாருங்கள். எது எரிகிறது, எவ்வளவு சூட்டில் எரிகிறது என்பதைப் பொறுத்தே புகை ஏறும் உயரம் அமைகிறது. உயரம் தவறினால், திசை சரியாக இருந்தும் கணக்கு தவறிவிடும்.

லண்டனுக்கு வடமேற்கே ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரை ஒட்டியிருந்தது பன்ஸ்ஃபீல்டு எரிபொருள் கிடங்கு. 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை காலை 6.01 மணி. நிரம்பி வழிந்த பெட்ரோல் தொட்டியிலிருந்து படர்ந்த ஆவி வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்தன. கரும்புகை தெற்கு இங்கிலாந்தின் வானத்தில் பரவியது செயற்கைக்கோள் படங்களிலேயே தெரிந்தது. ஆனால் தரையிலிருந்த காற்றுத் தர நிலையங்களில் மாசு பெரிதாக ஏறவில்லை! அன்று நல்ல குளிர், மெல்லிய காற்று. கீழே குளிர்ந்த காற்று, அதன்மேல் வெதுவெதுப்பான காற்று என்று வானத்துக்கு ஒரு மூடி போட்டதுபோல் இருந்தது. சூடு குறைந்த புகை என்றால் அந்த மூடிக்குக் கீழேயே தங்கி ஊரைத் திணறடித்திருக்கும். பெட்ரோல் தீயின் கடும் சூட்டில் எழுந்த புகையோ அதைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. பிறகு அதே மூடிதான் புகையைக் கீழே இறங்கவிடாமல் தடுத்தது. செர்னோபில் விபத்துக்குப் பின் பிரிட்டிஷ் வானிலை அலுவலகம் உருவாக்கிய ‘நேம்’ கணினி மாதிரியை வைத்துப் புகையின் போக்கைக் கணித்தார்கள். ஆய்வு விமானத்தைப் புகைக்குள்ளேயே ஓட்டி அளந்தும் பார்த்தார்கள்.

வளிமண்டல ஆய்வாளர் கேரி பிரிக்ஸ் தந்த புகையெழுச்சிச் சூத்திரங்களை ஒருமுறையாவது கையால் போட்டுப் பாருங்கள். நிலைத்த வளிமண்டலத்தில் காற்று வீசும்போது, வெப்பம் எட்டு மடங்கானால்தான் எழுச்சி இரண்டு மடங்காகும். தீயணைப்பு வீரர்கள் நுரை அடித்துத் தீயைத் தணிக்கத் தணிக்க, புகை தாழ்ந்துகொண்டே வரும். ‘தீ கட்டுக்குள் வந்துவிட்டது’ என்று அறிவிப்பு வரும் நேரத்தில் உங்கள் கவனம் இன்னும் கூடவேண்டும்.

புகை தாழ்ந்தே இருந்தால் என்ன ஆகும் என்பது கொச்சிக்காரர்களுக்கு அனுபவம். 2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீ, பிளாஸ்டிக் குவியலுக்குள் கனன்றுகொண்டே கிடந்தது. இயந்திரங்களால் குப்பையைக் கிளறிக் கிளறி உள்ளே தண்ணீர் பாய்ச்சி அணைக்க ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆனது. கனலுக்குப் புகையைத் தூக்கும் வலு இல்லை. புகை வீட்டு ஜன்னல் உயரத்திலேயே நகரும். குப்பையில் பிவிசி கலந்திருந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அரைகுறையாக எரிந்தால் டயாக்சின்களும் உருவாகும்.

நாள் சராசரியை மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். விடியற்காலையில் இரண்டு மணி நேரம் நுண்துகள் (PM2.5) கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராம், மீதி 22 மணி நேரமும் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 70-ஐத் தாண்டாது. இந்திய வரம்பான 60-ஐ ஒட்டிய சாதாரண நாளாகத் தெரியும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டுவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

இந்தத் துறையில் மனத்தை மிகவும் உறுத்துவது ஆஸ்திரேலியாவின் மோர்வெல். நெய்வேலியில் எடுப்பதுபோன்ற பழுப்பு நிலக்கரிதான் அங்கேயும். 2014 பிப்ரவரி 9-ல் ஹேசல்வுட் திறந்தவெளிச் சுரங்கத்தில் பிடித்த தீ 45 நாள் எரிந்தது. ஊரின் தெற்கு விளிம்புக்கும் சுரங்கத்துக்கும் சில நூறு மீட்டர்தான் இடைவெளி. முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் போன்றோர் தற்காலிகமாக வெளியேறலாம் என்ற அறிவுரை வந்தது பிப்ரவரி 28-ல். அது காலம் கடந்து வந்ததென்று விசாரணைக் குழு பின்னர் சொன்னது. முதல் நாள்களில் போதிய அளவீடே இல்லாததால், அந்த நாள்களின் புகையைப் பின்னாளில் அந்நாட்டு அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் விஞ்ஞானிகள் கணினியில் மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. தீ எரிந்த நாள்களில் யார் எங்கே இருந்தார்கள், எப்போது ஊரைவிட்டுப் போனார்கள், எப்போது திரும்பினார்கள் என்று மோர்வெல்வாசிகளிடம் கேட்டு, அந்தப் பதிவைப் புகை வரைபடத்தின்மேல் பொருத்திப் பார்த்தார்கள். அதிகம் புகை பட்டவர்களுக்கு இருமலும் மூச்சுத் தொல்லையும் அதிகம் என்பது அப்போதுதான் துலங்கியது. வரைபடத்தின் வண்ணக் கட்டங்களுக்குள் ஆட்களை வைத்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. மாதிரியின் துல்லியத்துக்குச் செலவிடும் உழைப்பில் பாதியையாவது இந்த விசாரிப்புக்குக் கொடுங்கள்.

கூடவே, உங்கள் மாவட்டக் கிடங்குகளின் சரக்குப் பட்டியலை இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். பிரான்சின் ரூவான் நகரில் லூப்ரிசோல் ஆலை 2019 செப்டம்பர் 26-ல் எரிந்தபோது, அங்கே என்னென்ன எரிந்தன என்ற பட்டியல் பொதுமக்கள் கைக்கு வந்தது அக்டோபரில். தீ எரியும்போது நீங்கள் அப்படிக் காத்திருக்க முடியாது. பட்டியல் கையில் இருந்தால், தொலைபேசி அடித்த முதல் மணி நேரத்திலேயே ஒரு தோராயக் கணக்கைப் பிழை வரம்போடு கொடுத்துவிடலாம்.

அன்புடன்,
இதே துறையில் மூத்த ஒருவர்