விண்டோஸை எஸ்.எஸ்.டி.க்கு மாற்றப் போகிறீர்களா?

லேப்டாப் திறப்பதற்கே ஐந்து நிமிடம் ஆகிறதென்றால், புதிது வாங்கும் முன் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள். விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டாம். பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதற்குப் பிரதி எடுத்து, அதாவது குளோன் செய்துவிடலாம். உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்துவது 2.5 அங்குல சாட்டாவா, எம்.2 வகையா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைப்படங்கள், ஆவணங்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஏனென்றால், குளோன் செய்யும்போது பழைய டிஸ்க்கையும் புதியதையும் மாற்றித் தேர்ந்தெடுத்தால் அத்தனையும் அழிந்துவிடும். டிஸ்க்கின் பெயரையும் அளவையும் இரண்டு முறை படித்துவிட்டு அடுத்த பட்டனை அழுத்துங்கள். விண்டோஸின் டிஸ்க் குறியாக்க வசதியான பிட்லாக்கர் இயங்கினால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு, குளோனுக்கு முன் பிட்லாக்கரை அணைத்துவிடுங்கள்.

குளோன் செய்ய, குளோன்ஜில்லா நல்ல இலவச மென்பொருள். ஆனால் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் வழக்கமான அமைப்பில் ஏற்காது. அதே அளவிலோ பெரியதாகவோ வாங்குவதே நல்லது.

குளோன் முடிந்ததும், புதிய டிஸ்க்கிலிருந்து முதல்முறை இயக்கும் முன் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ஒரு மாதமாவது அதை அழிக்காமல் பத்திரமாக வையுங்கள்.