பூர்வீக ஊரைத் தேடுகிறவர்கள் காணிப் பேச்சை எடுக்காதீர்கள்

அட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இப்போது இந்தியாவில் பூர்வீக ஊரைத் தேடுகிறார்கள். 2023இல் நம் முன்னோர் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்து 200 ஆண்டானதைக் குறிக்கும் 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போன பிறகு இந்த ஆசை இன்னும் கூடியிருக்கிறது. நல்ல ஆசை. நானும் தேடினேன், கண்டுபிடித்தேன். துறையூருக்கு மேற்கே, கொல்லிமலை அடிவாரத்தில் என் பூட்டன் பிறந்த மனையில் நின்றுவிட்டு வந்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: ஊர்க்காரர்களோடு முதன்முதலாகப் பேசும்போது காணி, பங்கு, பட்டா என்ற சொற்கள் உங்கள் வாயில் வரவே கூடாது.

எங்கள் குடும்பத்தைப் பத்து வருஷத்துக்கு மேல் ஊரிலிருந்து விலக்கி வைத்தது ஒரே ஒரு கடிதம். எழுதியவர் பெரியப்பா மகன். ஊர் முகவரியை அவருக்குக் கொடுத்தவர் கோத்தகிரி அத்தை, அதாவது அப்பாவின் சித்தப்பா மகள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானதே, அந்தக் கணக்கில் 1970களில் கப்பலேறிய குடும்பம் அத்தையுடையது. இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் குடும்ப அட்டை வாங்கிக்கொண்டு நேரே பூர்வீக ஊருக்குத்தான் போனார்கள். அங்கே பிழைப்பில்லை. பிறகு நீலகிரிக்குப் போய், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு உண்டாக்கிய தேயிலைத் தோட்டத்தில், இன்று டான்டீ என்கிறார்களே அதில், கொழுந்தெடுத்தார்கள். ஊரை விட்டு வந்தாலும் மாசி மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போவதை மட்டும் அத்தை விடவில்லை. எங்களையும் ஊரையும் இணைத்திருந்த ஒரே நூல் அவர்தான்.

அந்த நூலைத்தான் அண்ணன் அறுத்தார். 2003இல் எங்கள் மக்களில் மிச்சமிருந்தவர்களுக்கும் இலங்கைக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்த சமயம். ஊருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, நலம் விசாரித்த கையோடு, "எங்கள் பூட்டன் பங்குக் காணி இப்போது யார் பேரில் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். பதில் வரவில்லை. கோயில் அழைப்பிதழ் அத்தைக்கும் வராமல் நின்றது. அத்தை எங்களோடு பேச்சை விட்டார். அண்ணனோ ஊர் முகவரியை எங்களில் யாருக்கும் காட்டவில்லை.

ஊர்க்காரர்கள் ஏன் அப்படி மிரண்டார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் பரம்பரை நிலம் இன்னமும் பல இடங்களில் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. விற்கவோ கடன் வாங்கவோ போனால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கடல் கடந்து ஒரு புது வாரிசு முளைத்தால் யாருக்குத்தான் பயம் வராது? எங்கள் விஷயத்தில் அதற்கு மேலும் ஒன்று இருந்தது. பூட்டன் தன் பங்கு மேட்டுக்காட்டை அடகு வைத்துவிட்டுக் கங்காணியோடு இலங்கைக்குக் கிளம்பியவர். அதை உழைத்து மீட்டவர் அவருடைய தம்பி. அந்தத் தம்பியின் பேரன் கையில்தான் பங்கு கேட்ட கடிதம் போய்ச் சேர்ந்தது.

காணி போகட்டும். எனக்கு ஆறாத கோபம் வேறு. பூட்டனின் தம்பி மகள், எனக்குப் பாட்டி முறை, அந்தக் கடிதம் போன காலத்தில் உயிரோடு இருந்தார். பூட்டன் ஊரை விட்டுப் போன கதையைத் தன் அப்பா வாயால் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் ஊருக்குப் போனபோது அவர் படம்தான் சுவரில் இருந்தது. தான்தான் முதலில் ஊரைக் கண்டுபிடித்ததாக இப்போது அண்ணன் விசேஷ வீடுகளில் சொல்லிக்கொள்கிறாராம். முகவரியைக் கண்டுபிடிப்பது வேறு, அங்கே மனிதர்களைச் சம்பாதிப்பது வேறு.

கடதாசி ஆதாரங்களைப் பெரிதாக நம்பாதீர்கள். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் 'இந்தியத் தமிழர்' என்று இருக்கும், ஊர் இருக்காது. 1975இல் தோட்டங்களை அரசு எடுத்தது, 1992இல் கம்பெனிகளின் கைக்குக் கொடுத்தது. இத்தனை கைமாறிய பிறகு செக்ரோல் என்ற பழைய ஆள் பேரேடு எங்கள் தோட்டத்தில் கிடைக்கவில்லை. தாத்தாவின் குடியுரிமை விண்ணப்பப் பிரதியில் 'திருச்சி ஜில்லா, முசிறி தாலுகா' என்று இருந்தது. அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை நாலு விதமாக வாசிக்கலாம். பழைய ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடவும் கூடாது. கரூரும் பெரம்பலூரும் 1995இல்தான் திருச்சியிலிருந்து தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. ஊர் தேடித் தருவதாகத் திருச்சியில் ஒரு தரகர் என்னிடம் முன்பணம் வாங்கினார், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. தரகர் வேண்டவே வேண்டாம்.

அயர்லாந்திலிருந்து அமெரிக்கா போனவர்களின் பேரப்பிள்ளைகளும் இப்படித்தான் தேடுகிறார்கள். 1922 உள்நாட்டுப் போரில் டப்ளின் பொதுப் பதிவகம் எரிந்து பழைய ஏடுகள் சாம்பலாயின. ஆனாலும் வீடு வீடாக எடுத்த 1901, 1911 குடிசனக் கணக்கு தப்பியது, இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அவர்களுக்கும் பூர்வீகக் கிராமத்தின் பெயர் தெரிந்தால்தான் வேலை ஓடும். நமக்கு அப்படியொரு கணக்கு கைக்கெட்டவில்லை. ஆனால் நம்மிடம் சாமி இருக்கிறது.

எங்கள் லயத்துக்கு மேலே மரத்தடியில் இருப்பது பெரியண்ணசாமி. ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்த சாமி என்று அப்பாயி சொல்லும். எந்த வகையறா, எந்தக் கோயில் என்பதும் அப்பாயிக்குத் தெரிந்திருந்தது. அப்பாயி பாடும் ஒப்பாரியில் ஊர்ப் பெயர்கள்கூட வரும். ஆண்களிடம் கேட்டால் ஒப்பந்தம், பாஸ்போர்ட் என்று பேசுவார்கள். கிழவிகளிடம் கேளுங்கள். பக்கத்து லயத்துக்காரர்களிடமும் கேளுங்கள். கங்காணி தன் ஊரையும் உறவையும் சுற்றித்தான் ஆள் கட்டினார். அதனால் ஒரே லயத்தில் இருப்பவர்களின் ஊர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கமாகவே இருக்கும்.

கோயில் பெயரும் வகையறாவும் கையில் இருந்ததால்தான் கோத்தகிரிக்குப் போய் அத்தை முன்னால் நிற்க எனக்குத் தைரியம் வந்தது. "காணி வேண்டாம் அத்தை, சாமி கும்பிடணும்" என்றேன். "அதை மொதல்லயே சொல்லியிருந்தா என்னம்மா" என்று அழுதார். அடுத்த சிவராத்திரிக்கு அவரே கூட்டிப்போனார்.

விசா, டிக்கட் எல்லாம் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கொழும்பிலிருந்து திருச்சிக்கு விமானம் இருக்கிறது. தேயிலைப் பொட்டலங்கள் நிறைய எடுத்துப்போங்கள். தனியாகப் போகாதீர்கள், ஊருக்குத் தெரிந்த உறவோடு போங்கள். "நீங்க என்ன ஆளுங்க, எந்தத் தெரு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தலை குனியாமல் உள்ளதைச் சொல்லுங்கள். கோயிலில் குடும்பவாரியாக வசூலிக்கும் தலைக்கட்டு வரி நோட்டு இருந்தால் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எங்கள் வகையறாவுக்குக் கீழே என் அப்பா பெயரில் வரி கட்டி, ரசீது வாங்கி வந்தேன். எனக்கு எந்தப் பட்டாவும் அதற்கு ஈடில்லை.

கடனில் தள்ளி அனுப்பிய ஊரை ஏன் தேடுகிறாய் என்று எங்கள் தோட்டத்திலேயே கேட்டார்கள். குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மை இந்த நாட்டுக்கு ஆகாதவர்கள் என்றது. திரும்பிப் போனவர்களை அங்கே சிலோன்காரர் என்றார்கள். இரண்டு பக்கமும் நம்மை வேற்றாளாக எழுதிய பிறகு, நம் வரலாற்றை நாம்தான் உறவுக்காரர்களிடம் கேட்டு எழுத வேண்டும். நீலகிரிக்கும் மண்டபத்துக்கும் போன தலைமுறைக்கு வயதாகிவிட்டது. இந்த மாதமே அவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். குலதெய்வம் எது, வகையறா எது, பெண் கொடுத்து எடுத்த ஊர்கள் எவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் எவராவது காணிக் கனவோடு இருந்தால், பேனாவை அவர் கையில் கொடுக்காதீர்கள்.