அய்யா, ரசீது கொடுங்க!



நம்ம குழுக் கூட்டங்களில் காவல் நிலையம் என்று பேச்செடுத்தாலே இரண்டு விதமான குரல் கேட்கிறது. "போலீஸ எதிர்த்துப் பேசலாமா? நாளைக்கும் இதே ஊர்லதான இருக்கணும்" என்பது ஒன்று. "எல்லாரும் ஒரே மாதிரிதான், போயி என்ன ஆகப்போகுது?" என்பது இன்னொன்று. இரண்டுமே நமக்கு உதவாது.

ராத்திரி குடித்துவிட்டு வந்து அடிப்பவனைத் தடுக்க 112-க்குப் போன் போட்டால் வருவது அவர்கள்தான். திருவிழா, வெள்ளம், தேர்தல் என்று வீட்டுக்குப் போகாமல் நிற்பதும் அவர்கள்தான். 1973 முதல் தமிழ்நாடு காவல்துறையில் நம்மைப் போன்ற பெண்களும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு மரியாதை கொடுப்போம். ஆனால் தப்பு நடந்தால் கேட்காமல் இருப்பதற்குப் பெயர் மரியாதை இல்லை, பயம்.

2020 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் நடந்தது நினைவிருக்கும். ஊரடங்கில் நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லி ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரையும் பிடித்துப் போனார்கள். ஸ்டேஷனில் அடி. சில நாளில் இருவருமே இறந்து போனார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம், விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது என்று சொன்னவர் யார் தெரியுமா? அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. கூட வேலை செய்கிறவர்களுக்கு எதிராக, அதே இடத்தில் நின்று வாக்குமூலம் கொடுத்தார். பிறகு சி.பி.ஐ. 9 காவலர்கள் மீது குற்றப்பத்திரிகை போட்டது. காக்கிச்சட்டைக்கு ரேவதியை விட அதிகமாக யார் மரியாதை தேடிக் கொடுத்திருக்க முடியும்? அதனால் ஒருவர் செய்த தப்பைச் சொல்வது காவல்துறையையே திட்டுவது ஆகாது.

சரி, நாம் எப்படிக் கேட்பது?

மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். கொடுத்ததும், "அய்யா, மனு ரசீது கொடுங்க" என்று கேளுங்கள். சி.எஸ்.ஆர். என்று சொல்வார்களே, அதுதான். எப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். வாங்க மறுத்தால் அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகலாம். துணைக்கு ஊக்குநரும் இன்னொருவரும் போதும். இருபது பேர் போய்ச் சத்தம் போட்டால் மனுவை விட்டுவிட்டு சத்தத்தைத்தான் பேசுவார்கள்!

சாட்சி விசாரணை என்று பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டில் வந்துதான் கேட்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு விடியும் வரை பெண்ணைக் கைது செய்யக்கூடாது. தவிர்க்க முடியாத நிலையென்றால் பெண் அதிகாரி வர வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். யாரைப் பிடித்தாலும் வீட்டுக்குத் தகவல் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே நிற்கும்போது, அடித்திருந்தால் வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள். பல பேர் அங்கேதான் பயந்து போய் "ஒண்ணுமில்லைங்க" என்கிறார்கள்.

அடித்தார்கள், காசு கேட்டார்கள், கேவலமாகப் பேசினார்கள் என்றால், தேதி, நேரம், சட்டையில் இருந்த பெயர், பார்த்த ஆள் என்று எல்லாவற்றையும் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். நடந்ததை மட்டும் எழுத வேண்டும். ஒரு அடியை நாலு அடியாக எழுதினால் அந்த ஒரு அடியையும் நம்ப மாட்டார்கள். எஸ்.பி.க்கு அனுப்பலாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பலாம், கட்டணம் கிடையாது, ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இலவச வக்கீல் உதவிக்கு 15100.

அடுத்த மாதக் கூட்டத்தில் குழுவுக்கு ஒருவர் மனு எழுதிப் பார்ப்போம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். வெள்ளைத்தாளும் கார்பன் தாளும் நாங்கள் கொண்டு வருகிறோம்.