பம்ப் டைமிங்: ஒரு நூலுக்கு ஆறு டிகிரி

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய மகிந்திரா ஜீப்புகள் விடியலில் அந்த வளைவுகளை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி ஏறுகின்றன. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கும் ஜீப்தான். பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதி ஏற்றம் இருக்கிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் டீசல் அம்பாசடரை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வண்டி இழுக்கவில்லை, புகை தள்ளுகிறது என்றதும் ஒர்க்‌ஷாப்பில் முதலில் எழும் பேச்சு இதுதான்: “அண்ணே, பம்பைக் கொஞ்சம் திருப்பி விடுங்க, ஒரு நூல் போதும்.”

ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பம்ப் ஃபிளாஞ்சின் விளிம்பு மையத்திலிருந்து ஏறக்குறைய 60 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், அங்கே 1 மில்லிமீட்டர் நகர்த்துவது பம்பில் 1 டிகிரி. பம்ப் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 2 டிகிரி. ஆக ஒரு நூல் திருப்பினால் 6 டிகிரி போய்விடுகிறது. தட்டலையும் புகையையும் வரவழைக்க அதில் பாதியே போதும். காதால் கேட்டு வைக்கும் பழக்கத்தை விட்டு, இந்த வேலையை அளந்துதான் செய்யவேண்டும்.

நாசில் தெளித்த டீசல் அந்தக் கணமே பற்றாது, சிறு தாமதம் உண்டு. 2000 ஆர்பிஎம்மில் கிராங்க் 1 டிகிரி நகர ஒரு நொடியில் 12,000இல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும் என்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தெளிப்பு தொடங்கியாகவேண்டும். அட்வான்ஸ் அதிகமானால், அதாவது தெளிப்பு மிக முந்திவிட்டால், பற்றாமல் சேர்ந்த டீசல் ஒரேயடியாக வெடித்துக் கடகடவென்று தட்டும். அந்த அடி பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஹெட் கேஸ்கட்டுக்கும். ரிட்டார்டு அதிகமானால், அதாவது தெளிப்பு பிந்திவிட்டால், பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகு எரியும்; வெள்ளைப் புகை கண்ணை எரிக்கும், இழுவை போகும், சைலன்சர் பக்கம் சூடேறும், ஏற்றத்தில் தண்ணீர் கொதிக்கும்.

பம்பைத் தொடுமுன் புகையைப் பாருங்கள். மூணாறு உயரத்தில், அதாவது சுமார் 1500 மீட்டரில், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு. பழைய மெக்கானிக்கல் பம்புக்கு அது தெரியாது. சமவெளியில் கொடுத்த டீசலையே அங்கும் கொடுக்கும். காற்று குறைந்து டீசல் குறையாததால் கறுப்புப் புகை வரும். இதற்கு டைமிங் மருந்தாகாது. மலைக்காகப் பம்பைத் திருப்பிவிட்டு, அதே வண்டியைச் சுமையோடு தேனிக்கோ உடுமலைக்கோ இறக்கினால் தட்டல்தான் மிச்சம். குளிர்கால விடியலில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து வெள்ளைப் புகை தள்ளினால் முதலில் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகியுங்கள். பிளக்குக்கு வரும் ஒயரைக் கழற்றி, பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு டெஸ்ட் லேம்ப்பைப் பிளக் முனையில் வையுங்கள். லேம்ப் எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், வால்வு இடைவெளி, லைனில் காற்று எடுப்பது, நாசில் பிரஷர் ஆகிய ஐந்தும் சரியாக இருந்தும் குறை தீராவிட்டால் மட்டுமே டைமிங் பார்க்கவேண்டும். செயின் அல்லது டைமிங் கியர் மாற்றியபோதும், பம்பைக் கழற்றி மாட்டியபோதும் கட்டாயம் பார்க்கவேண்டும்.

எந்தப் பம்ப் என்று தெரிந்துகொள்வது அடுத்தது. மகிந்திரா நிறுவனம் 1979இல் பெஜோவிடம் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜினுக்கு உரிமம் வாங்கியது. 2112 சிசி இன்ஜின் அது. பின்னர் 2498 சிசி எக்ஸ்டி3பி வந்தது. நம் பழைய வண்டிகளில் பெரும்பாலும் பார்ப்பவை இரண்டு வகை ரோட்டரி பம்புகள்: சிஏவி டிபிஏ, பாஷ் விஇ. பாஷ் வகைப் பம்புகளை இங்கே செய்தது 1951இல் பெங்களூரில் தொடங்கிய மைகோ. சிஏவி பெயரோடு சேர்ந்தது 1961இல் சென்னை பாடியில் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ். பம்பின் பக்கத்தில் அடித்திருக்கும் தகட்டைத் துடைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டைமிங் அளவு அந்த இன்ஜின், அந்தப் பம்ப் இரண்டையும் சேர்த்துச் சொல்லும் மேனுவலில் இருக்கும். அடுத்த வண்டியின் அளவைக் கடன் வாங்காதீர்கள்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பின் கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளை சிறிதாகத் தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம் அது.

இனி ஒன்றாம் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் உச்சிக்குக் கொண்டுவரவேண்டும். ராக்கர் கவரைத் திறந்து கிராங்கை அது ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால், நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வில் ஒன்று மூடி மற்றது திறக்கும் நேரத்தில் ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பெஜோ கணக்கில் ஒன்றாம் சிலிண்டர் ஃப்ளைவீல் பக்கம். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால் பம்ப் அரைச் சுற்று தவறிப்போகும். குறியைத் தாண்டிவிட்டால் அப்படியே பின்னுக்கு இழுத்து நிறுத்தாதீர்கள். கால் சுற்று பின்னுக்குப் போய், மறுபடி முன்னோக்கி வந்து நிறுத்துங்கள். செயினிலும் கியரிலும் இருக்கும் தளர்ச்சி ஒரே பக்கம் நிற்க வேறு வழியில்லை. கிராங்க் புல்லியில் டிகிரி குறி அழிந்திருந்தால் அதன் சுற்றளவை நாடாவால் அளந்து 360ஆல் வகுங்கள். 500 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள புல்லியில் 1 டிகிரிக்கு ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர். உச்சிக் குறியிலிருந்து வேண்டிய டிகிரியை இப்படி அளந்து குறிக்கலாம்.

டிபிஏ பம்ப் என்றால், மேனுவல் சொல்லும் டிகிரியில் கிராங்கை நிறுத்திவிட்டு, பம்பின் பக்கத்திலுள்ள சிறு மூடியை இரண்டு ஸ்க்ரூ எடுத்துத் திறங்கள். கொஞ்சம் டீசல் வழியும். உள்ளே சுழலும் தட்டில் எழுத்தோடு கோடுகள் இருக்கும். உங்கள் இன்ஜினுக்குச் சொன்ன எழுத்தின் கோடும், உட்சுவரிலுள்ள டைமிங் வளையத்தின் கோடும் நேருக்கு நேர் நிற்கவேண்டும். டார்ச் அடித்து நேராகப் பாருங்கள். சாய்ந்து பார்த்தால் கோடு ஏமாற்றும்.

விஇ பம்ப்பில் கோட்டை நம்பி வேலை முடியாது, டயல் கேஜ் வேண்டும். குளிர் ஸ்டார்ட் லிவர் இருந்தால் அதை முதலில் விடுவியுங்கள். நாலு பைப்புகளுக்கு நடுவேயுள்ள பிளக்கைக் கழற்றி, அடாப்டரோடு கேஜை மாட்டி, ஒரு மில்லிமீட்டர் அளவு அழுத்தி வையுங்கள். உச்சியிலிருந்து கிராங்கை மெதுவாகப் பின்னுக்குச் சுற்றினால் முள் இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அங்கே சுழியம் வையுங்கள். பிறகு ஓடும் திசையில் குறிக்கு வந்து கேஜைப் படியுங்கள். அந்த மில்லிமீட்டர்தான் டைமிங். மேனுவலைவிடக் குறைவாக இருந்தால் ரிட்டார்டு, கூடுதலாக இருந்தால் அட்வான்ஸ்.

திருப்புவது இரண்டு வகைக்கும் ஒன்றே. நாலு ஹை பிரஷர் பைப்பின் நட்டுகளையும் தளர்த்திவிட்டுத்தான் ஃபிளாஞ்ச் நட்டுகளைத் தளர்த்தவேண்டும். இறுகிய பைப்போடு பம்பை முறுக்கினால் பைப் பின்னாளில் விரிசல் விடும். பம்ப் உடம்பை அதன் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்டு. அளவு வந்ததும் நட்டுகளை மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கிராங்கை முழுதாக இரண்டு சுற்று சுற்றி மறுபடி அளந்து பாருங்கள். இந்த இரண்டாம் அளவைத்தான் நான் நம்புவேன். இறுக்கும்போது பம்ப் நகர்வது சாதாரணம். ஃபிளாஞ்ச் துளையின் கடைசி வரை திருப்பியும் அளவு வராவிட்டால் செயின் நீண்டிருக்கிறது, அல்லது கியர் ஒரு பல் தவறியிருக்கிறது. ஃப்ரண்ட் கவரைத் திறக்காமல் தீராது.

கழற்றிய இடத்துக்குப் புதுச் செம்பு வாஷர் போட்டு, பேட்டரியை இணைத்து, கைப்பம்பால் காற்றை வெளியேற்றி, நாசில் நட்டுகளில் இரண்டைத் தளர்வாக வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். டீசல் குமிழியில்லாமல் வந்ததும் இறுக்குங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங், பிறகு வழக்கமான சுமையோடு ஓர் ஏற்றம். சூடான இன்ஜினில் தட்டல் மென்மையாகவும், வெள்ளைப் புகை இல்லாமலும் இருக்கவேண்டும். ஃபிளாஞ்சிலும் பிளாக்கிலும் சேர்ந்தாற்போல் மெல்லிய கோடு கீறி, பழைய கோட்டை அழித்துவிடுங்கள்; அளவையும் தேதியையும் வண்டிப் புத்தகத்தில் எழுதுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் புகைப் பரிசோதனையில் 65 ஹார்ட்ரிஜ் அலகைத் தாண்டினால், பம்ப்பின் சீல் வைத்த ஸ்க்ரூவை ரோட்டோரத்தில் உடைக்காதீர்கள். டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ அது. டெஸ்ட் பெஞ்சில்தான் வைக்கமுடியும். பாலக்காட்டிலிருந்து வாளையார் தாண்டினால் கோவை. பம்பையும் நாலு நாசிலையும் சேர்த்தே கொண்டுபோய், இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.