மணப்பரிசாக வந்த தீவு

திருமணத்தின்போது மணமக்களுக்குப் பொன்னும் பொருளும் பரிசாகக் கொடுப்பது வழக்கம். வசதி படைத்தோர் வீடோ நிலமோ கொடுப்பதும் உண்டு. ஆனால், ஒருவர் தம் மனைவிக்கு ஒரு தீவையே மணப்பரிசாகக் கொடுத்தார் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? பிரான்ஸ் நாட்டின் தென்கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் உள்ள போர்க்கெரோல் தீவுதான் அந்தப் பரிசு. தனியொருவரின் சொத்தாக இருந்த அத்தீவு, நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய இடமாக மாறிய வரலாறு நம்மைச் சிந்திக்கத் தூண்டுவதாகும்.

தீவின் அமைப்பு

இயேர் நகருக்கு எதிரே மூன்று தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைப் ‘பொன் தீவுகள்’ என்று அழைப்பர். அவற்றுள் பெரியது போர்க்கெரோல். அதன் நீளம் ஏறத்தாழ 7 கிலோமீட்டர்; அகலம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். பரப்பளவில் அது சிங்கப்பூரின் புலாவ் உபினைவிடச் சற்றே பெரியது எனலாம். பெருநிலத்திலிருந்து படகில் ஏறினால் கால்மணி நேரத்தில் தீவை அடைந்துவிடலாம்.

தீவின் தென்பகுதி செங்குத்தான பாறைகளால் ஆனது. அலைகள் அங்கு ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கும். வடபகுதியோ அமைதியானது. அங்குதான் வெண்மணல் பரந்த கடற்கரைகள் உள்ளன. பைன் மரங்கள் மணலின் விளிம்புவரை நிழல் பரப்பி நிற்கின்றன. கரைகளுக்குப் பின்னால் சமவெளிகளும் அவற்றைச் சூழ்ந்து காடு அடர்ந்த குன்றுகளும் காணப்படுகின்றன. துறைமுகத்தின் அருகில் ஒரு சிற்றூரும் அதற்கு மேலே 16ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட கோட்டையும் இருக்கின்றன. கடற்கொள்ளையரும் பகைநாட்டுக் கப்பல்களும் வந்த காலத்தில் அக்கோட்டை கரையைக் காத்து நின்றது.

சுரங்கம் தந்த செல்வம்

பெல்ஜிய நாட்டில் பிறந்தவர் பிரான்சுவா ஜோசஃப் ஃபூர்னியே. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து சென்ற அவர், மெக்சிகோவில் சுரங்கத் தொழிலில் ஈடுபட்டுப் பெருஞ்செல்வம் ஈட்டினார். பின்னர் ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர், சில்வியா என்னும் பெண்ணை மணந்தார். 1912ஆம் ஆண்டில் போர்க்கெரோல் தீவு ஏலத்திற்கு வந்தது. ஃபூர்னியே அதை விலைக்கு வாங்கித் தம் மனைவிக்கு மணப்பரிசாக்கினார்.

வாங்கிய தீவை வெறும் ஓய்விடமாக அவர் வைத்துக்கொள்ளவில்லை. மெக்சிகோவில் தாம் கண்ட பெரும் பண்ணைகளைப்போல அதையும் உழைக்கும் நிலமாக மாற்ற எண்ணினார். தொழிலாளர்களை அழைத்து வந்து குடியேற்றினார். காய்கறிகளும் பழமரங்களும் பயிரிடப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறத்தாழ 200 ஹெக்டேர் நிலத்தில் திராட்சைக் கொடிகள் நடப்பட்டன.

தீயைத் தடுத்த கொடிகள்

அவ்வளவு பரந்த திராட்சைத் தோட்டம் எதற்கு? ஒயின் தயாரித்து விற்பது ஒரு நோக்கம். அதனினும் முக்கியமான நோக்கம் ஒன்றும் இருந்தது. அதுதான் தீயைத் தடுப்பது.

மத்தியதரைக் கடற்பகுதியில் கோடைக்காலத்தில் மழை பெய்வது அரிது. புல்லும் புதரும் காய்ந்து சருகாகிவிடும். வடமேற்கிலிருந்து ‘மிஸ்ட்ரல்’ என்னும் வறண்ட காற்று பலமாக வீசும். அத்தகைய நாளில் ஒரு சிறு நெருப்புப் பொறி போதும்; காடே எரிந்து சாம்பலாகிவிடும். 1897ஆம் ஆண்டில் போர்க்கெரோல் தீவில் அப்படித்தான் பெருந்தீ மூண்டு காட்டை அழித்தது. தீவில் தீப்பிடித்தால் தப்பி ஓடவும் வழியில்லை; உதவி கடலைக் கடந்துதான் வர வேண்டும்.

திராட்சைத் தோட்டம் இயற்கையான தடுப்பாக அமைகிறது. கொடிகள் இடைவெளி விட்டு வரிசை வரிசையாக நடப்படுகின்றன. வரிசைகளுக்கு இடையே உள்ள மண் உழப்படுவதால் அங்குக் காய்ந்த புல் சேர்வதில்லை. கோடையிலும் திராட்சை இலைகள் ஈரப்பசையுடன் பச்சையாகவே இருக்கும். ஆகவே, ஒரு குன்றில் பற்றிய தீ சமவெளியை அடையும்போது எரிவதற்குப் பொருளின்றித் தணிந்துவிடுகிறது. காட்டை வேலியிட்டுக் காப்பதுபோல் கொடிகள் காத்து நிற்கின்றன. ‘வருமுன் காப்பதே அறிவுடைமை’ என்பதற்கு இத்தோட்டம் நல்ல சான்றாகும்.

மணல் யாருக்குச் சொந்தம்?

தீவு ஒருவருக்குச் சொந்தமானால், அதன் கடற்கரையும் அவருக்கே சொந்தமா? இந்தக் கேள்விக்குப் பிரான்ஸ் நாட்டில் மிகப் பழைய விடை ஒன்று உண்டு. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1681ஆம் ஆண்டில், கடல் தொடர்பான அரசாணை ஒன்று வெளியிடப்பட்டது. அலைகள் வந்து மூடிச் செல்லும் கரை பொதுவுடைமை என்பது அந்த ஆணையிலிருந்து வளர்ந்த கொள்கை. அதைத் தனியார் எவரும் சொந்தமாக்கிக்கொள்ள இயலாது.

ஆனால், சட்டம் ஒன்று சொல்ல, நடைமுறை வேறொன்றாக இருக்கலாம். கரைக்குச் செல்லும் பாதையும் அதைச் சுற்றியுள்ள நிலமும் ஒருவருக்கே உரியவை என்று வைத்துக்கொள்வோம். அவர் வாயிற்கதவைப் பூட்டிவிட்டால் மற்றவர்கள் மணலை எப்படி அடைவது? வழியை வைத்திருப்பவரே கரையையும் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார். கடலோரப் பண்ணை வீடுகள் பலவற்றின் நிலை இதுதான்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க 1976ஆம் ஆண்டில் பிரான்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. கடலை ஒட்டியுள்ள தனியார் நிலத்தின் ஓரத்தில், நடந்து செல்வோருக்காக 3 மீட்டர் அகலத்திற்கு வழி விட வேண்டும் என்று அது கூறியது. 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இன்னொரு சட்டம், ஊர்ப்பகுதிக்கு வெளியே கரையிலிருந்து 100 மீட்டர் தொலைவுக்குள் புதிய கட்டடங்கள் எழுவதைத் தடுத்தது.

மக்களின் சொத்தாதல்

ஃபூர்னியே 1935ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய குடும்பத்தார் தொடர்ந்து தீவைப் பராமரித்து வந்தனர். இதற்கிடையே, பிரான்சின் தென்கரையோரம் விடுதிகளும் அடுக்குமாடிக் கட்டடங்களும் பெருகிக்கொண்டே வந்தன. போர்க்கெரோலுக்கும் அதே நிலை ஏற்படுமோ என்ற அச்சம் எழுந்தது. நல்ல உரிமையாளர் இருக்கும்வரை நிலம் நன்றாக இருக்கும். அது கைமாறினால் என்ன ஆகும் என்பதை யார் அறிவார்?

1971ஆம் ஆண்டில் பிரான்ஸ் அரசாங்கம் தீவின் பெரும்பகுதியை, அதாவது ஏறத்தாழ 1,000 ஹெக்டேர் நிலத்தை, விலை கொடுத்து வாங்கியது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு, அண்டைத் தீவில் 1963ஆம் ஆண்டு அமைக்கப்பட்டிருந்த போர்-குரோ தேசியப் பூங்காவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1979ஆம் ஆண்டில் தாவரப் பாதுகாப்பு மையம் ஒன்றும் தொடங்கப்பட்டது. அத்தி, ஒலிவம், முசுக்கட்டை ஆகிய மரங்களின் பழைய நாட்டு வகைகள் அங்கு வளர்க்கப்படுகின்றன. திராட்சைப் பயிரும் கைவிடப்படவில்லை. தீத்தடுப்பாக அமைந்த தோட்டங்களை இன்றும் பண்ணையாளர்கள் உழுது பயிரிட்டு வருகின்றனர்.

கூட்டம் தந்த சோதனை

கதவு திறந்தது, கூட்டமும் வந்தது. சில நூறு பேர் மட்டுமே வாழும் அத்தீவுக்குக் கோடைக்காலத்தில் ஒரே நாளில் 10,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். குடிநீர் போதவில்லை, குப்பை குவிந்தது. மணல்மேட்டுச் செடிகள் மிதிபட்டு அழிந்தன. உல்லாசப் படகுகளின் நங்கூரங்கள் கடலடியில் வளரும் பொசிடோனியா என்னும் கடற்புல்லைக் கிழித்தன. மீன் குஞ்சுகளுக்குப் புகலிடமாக விளங்குவது அந்தப் புல்தான். அலையின் வேகத்தைத் தணித்து, கரையின் மணல் அரிக்கப்படாமல் காப்பதும் அதுவே.

ஆகவே, சில கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டு முதல் கோடைக்கால நாள்களில் படகில் வருவோரின் எண்ணிக்கை நாளொன்றுக்கு 6,000 பேராக வரையறுக்கப்பட்டது. வருகையாளர்கள் தீவுக்குள் கார் ஓட்ட இயலாது. நடந்தோ மிதிவண்டியிலோதான் செல்ல வேண்டும். ஊரைத் தாண்டினால் புகைபிடிக்கக் கூடாது. காற்று பலமாக வீசி, தீ அபாயம் மிகும் நாள்களில் காட்டுப் பாதைகள் மூடப்படுகின்றன.

‘அனைவருக்கும் உரியது என்று சொல்லிவிட்டு அனைவரையும் உள்ளே விடாதது முறையா?’ என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வி நியாயமானதே. முன்பு செல்வம் உடையவர் மட்டுமே கரையின் அழகைத் தமக்கென வைத்துக்கொள்ள முடிந்தது. இன்றைய வரையறையோ செல்வத்தைப் பார்ப்பதில்லை. முதலில் பயணச்சீட்டு வாங்குபவர் யாராயினும் அவருக்கு இடம் உண்டு. இன்று இடம் கிடைக்காதவர் நாளை வரலாம். அவர் வரும்போது தீவு அழியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு.

உரிமையாளர் என்பவர் அனுபவிப்பவர் மட்டுமல்லர், காப்பவரும் ஆவார். தனியொருவர் தீவை வைத்திருந்த காலத்தில் அவர் திராட்சைக் கொடி நட்டுக் காட்டைக் காத்தார். இப்போது அத்தீவு பொதுமக்களுக்கு உரியது. எனவே, காக்கும் கடமையும் பொதுமக்களுக்கே உரியதாகிறது. தம் முறை வரும்வரை காத்திருப்பதும், வந்த இடத்தில் குப்பை போடாமல் திரும்புவதும் அந்தக் கடமையின் ஒரு பகுதியே.

அருஞ்சொற்பொருள்

மணப்பரிசு – திருமணத்திற்காக அளிக்கப்படும் பரிசு
பெருநிலம் – தீவுக்கு எதிரே உள்ள பெரிய நிலப்பகுதி
சருகு – காய்ந்த இலை
அரசாணை – அரசு பிறப்பிக்கும் கட்டளை
நங்கூரம் – கப்பலையோ படகையோ நிறுத்தப் பயன்படும் கனமான இரும்புக் கருவி
வரையறுத்தல் – எல்லை வகுத்தல்

சிந்தித்து விடையளி

1. ஃபூர்னியே போர்க்கெரோல் தீவில் திராட்சை பயிரிட்டதற்கான நோக்கங்கள் யாவை?
2. திராட்சைத் தோட்டம் காட்டுத்தீ பரவுவதை எவ்வாறு தடுக்கிறது?
3. ‘வழியை வைத்திருப்பவரே கரையையும் வைத்திருப்பவர் ஆகிவிடுகிறார்’ என்னும் கூற்றை விளக்குக.
4. பொது இடங்களுக்குச் செல்வோரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது சரியா? நீ அறிந்த ஓர் இடத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு உன் கருத்தைக் கூறுக.