மீனைப் போல நீந்தும் யந்திரங்கள்

கொங்குநாட்டுக் குளங்களில் மதகு அடைபட்டுப் போவது குடியானவர்களுக்குப் புதிதன்று. ஆகாயத்தாமரையின் வேரும், சேறும், மரத்துண்டுகளும் மதகின் வாயில் சேர்ந்துவிட்டால், ஆள் ஒருவன் மூச்சடக்கி முங்கி, கையால் தடவிப் பார்த்தே அடைப்பை எடுக்க வேண்டியதாகிறது. அடைப்பு திடீரென்று விடுபடுமாயின், நீரின் இழுப்பினால் அவன் உயிருக்கே அபாயம் நேரிடும். அவனுக்குப் பதிலாக யந்திரம் ஒன்றை நீருள் அனுப்பக்கூடுமா என்பதும், அது எவ்விதம் நீந்த வேண்டும் என்பதும் ஆராயத்தக்க விஷயங்களாம்.

விசிறியின் குறை

சிங்காநல்லூர்க் குளம் நொய்யலாற்றைச் சார்ந்தது. பரப்பு சுமார் 285 ஏக்கர், சராசரி ஆழம் ஏறக்குறைய 14 அடி. 2010-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர் மாநகராட்சி இதைப் பொதுப்பணித் துறையிடமிருந்து 90 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. மேலே களையும் அடியில் வண்டலும் உள்ள இத்தகைய குளங்களில், விசிறி சுழன்று ஓடும் யந்திரத்துக்கு இரண்டு இடையூறுகள் உண்டு. களை விசிறியில் சுற்றிக்கொள்ளும்; விசிறி வீசும் நீரோட்டம் வண்டலைக் கிளப்பி, யந்திரத்தின் காமிராவை மறைத்துவிடும்.

மீன் கற்பிக்கும் பாடம்

மெல்லிய குச்சியால் பரிசல் தள்ளுவதைவிட அகன்ற துடுப்பால் தள்ளுவது எளிதென்பது யாவரும் அறிந்ததே. கொஞ்ச நீரை வேகமாகத் தள்ளுவதைவிட, அதிக நீரை மெதுவாகத் தள்ளினால் சக்தி குறைவாகவே வீணாகிறது. கெண்டை மீன் வாலை இருபுறமும் வீசி நீந்துவது இம்முறையே.

கடலில் வாழும் திருக்கை இன்னொரு விதமாக நீந்துகிறது. அதன் உடல் முறம்போல் தட்டையானது. மணலில் கிடக்கும் வகைகள் ஓரத் துடுப்பில் அலை எழுப்பி ஊர்வதுபோல் செல்லும். ஆனைத்திருக்கை முதலியவை பறவை சிறகடிப்பதுபோல் துடுப்புகளை அசைக்கும். துடுப்பலையின் திசையை மாற்றினால் பின்னோக்கியும் செல்லலாம். இருபுறமும் எதிரெதிராக அலை எழுப்பினால் நின்ற இடத்திலேயே திரும்பலாம். குறுகிய மதகின் அருகில் வேலை செய்வதற்கு இக்குணங்கள் மிகவும் ஏற்றவை.

இதுவரை நடந்தவை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1990-களில் சூரை மீனைப் போன்ற யந்திரம் செய்து ஆராய்ந்தனர். 2016-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையார் எலியின் இருதயத் தசையணுக்களைக் கொண்டு, ஒளியால் நடத்தப்படும் சிறு திருக்கை ஒன்றை அமைத்தனர். 2021-இல் சீன விஞ்ஞானிகள், மென்மையான பொருளாலான யந்திர மீன் ஒன்றை மரியானா ஆழ்கடல் அகழியில் 10,900 மீட்டர் ஆழத்தில் இயங்கச் செய்ததை வெளியிட்டனர்.

நம் நாட்டில், சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசப் 6000 என்னும் யந்திரம் 2010-இல் இந்து மகாசமுத்திரத்தில் 5,289 மீட்டர் ஆழம் சென்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் தோன்றி 2015-இல் நிறுவப்பட்ட பிளானிஸ் கம்பெனியார், அணைகளையும் துறைமுகச் சுவர்களையும் நீருள் பரிசோதிக்கும் யந்திரங்களைச் செய்கின்றனர். இவை விசிறியால் ஓடுபவை. துடுப்பினால் நீந்துபவை பெரும்பாலும் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன. கலங்கல் நீரில் எந்த யந்திரத்தின் காமிராவும் அதிகம் பயன்படாது. ஒலியலையைக் கொண்டே வழி அறிய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

யந்திரம் வருமளவும் காத்திராமல், விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்வது நலம்:

1. நீர் நிறைந்து இழுப்புள்ள மதகில் எவரையும் முங்க விடலாகாது.

2. கோடையில் நீர் வற்றிய சமயத்தில் மதகின் வாயையும் கதவையும் பரிசோதித்து, வண்டலையும் களையையும் அகற்றிவிட வேண்டும்.

3. மதகின் அளவு, அடிமட்டம், பழுதுகள் ஆகியவற்றைப் படத்துடன் குறித்து வைக்க வேண்டும். பின்னர் யந்திரத்தை இறக்குவோருக்கும் அக்குறிப்பே வழிகாட்டியாகும்.

குளத்து நீர் பயிருக்கு உயிர். அதைத் திறந்துவிடுவதற்காக ஒரு மனிதனின் உயிர் போகலாகாது.